பெடலில் ஓர் அங்குலம்

கொழிஞ்சாம்பாறை
புரட்டாசி 9

அன்புள்ள சாமிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அந்தப் பழைய டிராக்டரை விற்றுவிட்டு வாடகைக்கு ஓட்டிக்கொண்டால் என்ன அப்பா?" என்றாய். அந்த நேரத்தில் வண்டி இரண்டு துண்டாகக் களத்தில் கிடந்தது. என் கையெல்லாம் கிரீஸ். பேசும் மனநிலை இல்லை. இப்போது வண்டி ஒன்றுசேர்ந்து ஓடுகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தை மாதம் நீ வந்தால் அதில் ஏறி உட்காரப்போகிறவன் நீதான்.

ஆவணிக் கடைசியில் நாற்றங்காலுக்குத் தொளி அடித்துக்கொண்டிருந்தேன். வரப்போரம் திரும்பும்போது எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி நகரவில்லை. சேற்றில் வழுக்கினால் சக்கரமாவது சுற்றும். இங்கே சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலே அசையவில்லை. முடி கருகுவது போல ஒரு வாடை வந்தது. மேட்டுக்கு மெல்ல ஏற்றி, டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன். கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி அணைந்துவிட வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

உனக்குச் சைக்கிள் பூட்டிக்கொடுத்த மெக்கானிக் மாமாதான் வந்தார். பானெட், பேட்டரி, டீசல் குழாய், ஸ்டியரிங் கம்பி எல்லாம் கழற்றி முடிக்க மதியமாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு போல்ட்டையும் தொடவில்லை. புளிய மரத்துண்டில் இரண்டு ஆப்பு செதுக்கச் சொன்னார். முன் அச்சு நடுவில் ஒரே முளையில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. வண்டி முழுதாக இருக்கும்வரை பின் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். கியர் பெட்டியை விட்டுப் பிரிந்த அந்த நொடியில் எஞ்சின் பக்கவாட்டில் கவிழப் பார்க்கும். அதனால் அச்சுக்கும் அதன் மேல் உள்ள தாங்கிக்கும் இடையில் இருபுறமும் ஆப்பு இறுக்கிய பிறகே பிரிக்க வேண்டும். என்றைக்காவது நீ யாரையாவது வைத்து இந்த வேலை செய்தால், ஆப்பு இல்லாமல் தொடங்குகிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடு.

பிரித்ததும் உள்ளே கரிய தூள். ஊதப் போனேன், மாமா கையைப் பிடித்துக்கொண்டார். பழைய கிளட்ச் பிளேட்டின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், மூச்சில் போகக்கூடாது என்று ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பிளேட்டில் ரிவெட்டுத் தலைகள் வெளியே தெரிந்தன. அவை உரசி, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது, அடுப்பில் காய்ந்த தோசைக்கல் போல. ஃப்ளைவீலையும் பழைய பிளேட்டையும் சாக்கில் கட்டிக்கொண்டு கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போனோம். லேத் பட்டறையில் ஃப்ளைவீலை மெல்லியதாகச் சீவினார்கள். கடையில் புதிய பிளேட்டைப் பழையதோடு சேர்த்து வைத்து, விட்டத்தை அளந்து, நடுவில் உள்ள பற்களை மாமா ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணும்போது மட்டும் அவருக்கு மலையாளம் வந்துவிடும். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஆயில் சீல் எல்லாமே புதிது வாங்கினேன். பேரிங்கில் மிச்சம் பிடித்தால், அது போகும் நாளில் மறுபடியும் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

வண்டியின் இரு பாதியையும் சேர்க்கும்போது அரை அங்குல இடைவெளியில் வந்து நின்றுவிட்டது. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று நான் ஸ்பானரை எடுத்தேன். "பிளேட்டின் நடு உடைந்துபோகும், வையுங்கள்" என்றார். கியரில் போட்டு, ஜாக்கியில் தூக்கியிருந்த பின் சக்கரத்தைக் கையால் ஒரு சாண் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கியர் பெட்டித் தண்டின் பல் பிளேட்டின் பல்லுக்குள் விழுந்தது, எஞ்சின் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிளேட் தேய்ந்தால் பெடலின் வெற்று ஆட்டம், அதாவது கனம் தட்டும்வரை அது சும்மா போகும் தூரம், கூடும் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பிரேக்குக்கு அப்படித்தான். கிளட்சுக்கு நேர்மாறு. பிளேட் மெலிய மெலிய, அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதன் விரல்கள் பின்னால் வந்து, பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். பெடலின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் இல்லாமலே போகும். அதன் பிறகு கால் வைக்காதபோதும் கிளட்ச் கொஞ்சம் மிதிபட்டபடியே இருக்கும், வழுக்கும், எரியும். ஆட்டம் இல்லாத பெடலைப் பார்த்து, "கிளட்ச் உடனே பிடிக்கிறது" என்று நான் மகிழ்ந்திருக்கிறேன். போதாக்குறைக்கு ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருக்கும் பழக்கம் வேறு. இந்தப் பிளேட்டைத் தின்றது என் கால்தான்.

இப்போது நம் வண்டிக்கு ஓர் அங்குல ஆட்டம் வைத்திருக்கிறோம். பெடலைக் காலால் அல்ல, கையால் அழுத்திப் பார். முதலில் லேசாகப் போகும், பிறகு கனம் தட்டும். கனம் தட்டும்வரை உள்ள தூரம்தான் கணக்கு. குறைந்திருந்தால் கீழே உள்ள கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்தி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, நட்டை மறக்காமல் இறுக்க வேண்டும். ஆட்டம் அதிகமாகிவிட்டாலும் கெடுதல்தான், கிளட்ச் முழுதாக விடாமல் கியர் கறகறவென்று கத்தும். புதிய பிளேட் படிந்து உட்காரும் என்பதால் முதல் 50 மணி நேரத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் சனிக்கிழமைதோறும் ஸ்கேலை வைத்து அளந்து காலண்டரில் குறிக்கிறேன்.

விற்பதைப் பற்றிக் கேட்டாயே. தமிழ்நாட்டோடு உள்ள பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி, அதாவது 725 கோடி கன அடி, தண்ணீர். மூலத்தரைத் தடுப்பணையிலிருந்து நம் வாய்க்காலுக்கு அது முறைவைத்துத்தான் வருகிறது. முறை வரும் நாளில் ஊரே ஒரே நேரத்தில் வாடகை வண்டியைத் தேடும். அடுத்த முறைக்குள் நாற்று முற்றிவிடும். மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பும் பணத்தால் அந்த நாளை வாங்க முடியாது, சாமி. வண்டி இருக்கட்டும்.

அம்மா உனக்காக எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். நாளை விடியற்காலை நம் முறை. டீசல் ஊற்றி வைத்துவிட்டேன். படுக்கப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா