ஆழ்நீர்க் குளிர்ச்சிக்கு எந்த ஏரி தேறும்?

ஆசிரியருக்கு,

டொரன்டோ நகரம் 2004 முதல் ஒன்டாரியோ ஏரியில் 83 மீட்டர் ஆழத்து நீரைக் கொண்டு கட்டடங்களைக் குளிர்விக்கிறது. அங்கே அடிநீர் 4 டிகிரி. நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் இதைச் செய்யலாமே என்போர் முதலில் நீரை அளக்க வேண்டும்.

உறைபனிக் காலம் நீளாத நம் மலைகளில் அடிநீர் 4 டிகிரிக்கு இறங்காது. மார்கழி, தை மாதங்களில் ஏரி முழுவதும் கலந்து நிற்கும் வெப்பநிலைக்கு அருகில்தான் இருக்கும். கொடைக்கானல் ஏரியின் மிக ஆழமான இடமே சுமார் 11 மீட்டர். காற்றடித்தால் மேல்நீர் அடிவரை கலந்து குளிர்ச்சி போய்விடும். அதை விட்டுவிடலாம். எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி போன்ற ஆழமான அணைகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மின் உற்பத்திக்குத் திறந்துவிட்டபின், கோடையில் மட்டம் எங்கே நிற்கிறது? நீரை எடுக்கும் குழாயின் உறிஞ்சுவாய் அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மீட்டருக்கு மீட்டர் வெப்பமானியை இறக்கிக் குறியுங்கள். அடிநீரை ஒரு பாட்டிலில் எடுத்து மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் செப்புக் குழாயை அரித்துவிடும். தெளிவாக வந்த நீர் சற்று நேரத்தில் பழுப்பேறினால் இரும்பு இருக்கிறது. கட்டடத்தின் வெப்பத்தை ஏரிநீருக்குக் கடத்தும் வெப்பமாற்றித் தகடுகள் அடைத்துக்கொள்ளும்.

நொடிக்கு 1 லிட்டர் நீர் 5 டிகிரி சூடேறினால் 21 கிலோவாட், அதாவது 6 டன் ஏசி. அதே நீரை 100 மீட்டர் மேட்டுக்கு ஏற்ற பம்புக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட் போகும். எனவே அணைக்குக் கீழே, நீர் தானாக இறங்கி வரும் இடத்திலுள்ள கட்டடமே முதல் தேர்வு.

– குளிர்சாதனப் பொறியாளர்கள் சிலர், குன்னூர்