ஏற்காட்டிலிருந்து எஸ்தருக்கு

ஏற்காடு,
ஞாயிறு மாலை

அன்புள்ள எஸ்தர்,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமா? முட்டிவலி தேவலையா? இங்கே மழை விட்டபாடில்லை. லில்லி அக்கா இன்னும் அதே குடையோடுதான் கோயிலுக்கு வருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "முன்பின் தெரியாதவர்களிடம் போய் பைபிள் வசனம் சொல்கிறாயாமே, உனக்கு எதற்கு வம்பு?" என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போன வாரம் நடந்ததைக் கேள், அப்புறம் திட்டு.

சேலம் பெரியாஸ்பத்திரி மரத்தடி உனக்குத் தெரியாததா? உன் அப்பாவுக்காக நாமும் அங்கே பாய் விரித்துக் கிடந்தோமே. அரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்கு உள்ளே ஆபரேஷன். தூக்குவாளியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாரே தவிர ஒரு வாய் சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடன், திருப்பூரில் லீவு கிடைக்காத மகன், கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது என்று கொட்டித் தீர்த்தார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு, "எனக்குத் தைரியம் கொடுத்த ஒரு வார்த்தை இருக்கிறது, சொல்லட்டுமாம்மா?" என்றேன். "சொல்லு தாயி" என்றார்.

"நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." ஏசாயா 41:10. அவ்வளவுதான் சொன்னேன். எழுதி வைத்திருந்த அட்டையையும் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்த மஞ்சப்பையில் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தூக்குவாளியிலிருந்து களியை எடுத்து எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தார். இருவரும் சாப்பிட்டோம்.

இதில் நான் யாரை மதம் மாற்றினேன், சொல்லு? அவர் வேண்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு நான் எழுந்து நடமாடியதே அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான். அதை வைத்துக்கொண்டு, பயந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்தும் பேசாமல் போக என்னால் முடியாது.

ஆனால் உன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கள் சபை வாலிபர்கள் கோடை விழாவுக்கு ஐயாயிரம் கைப்பிரதி அடித்து, படகுத்துறையில் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணிக்கப் போகிறார்களாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீதிமொழிகள் 25:20ஐ எடுத்து வாசியுங்கள் என்றேன். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்று பைபிளே சொல்கிறது. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய்ப் பேசுவதும் எனக்கு ஒப்பாது. வேண்டாம் என்றால் எழுந்து போகக்கூட முடியாமல் கட்டிலில் கிடப்பவரிடம் என்ன ஊழியம்? பஸ்ஸிலும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு வயிற்றைப் புரட்டும். அவருக்கு முதலில் வேண்டியது எலுமிச்சம்பழம். அதைக் கொடு, ஜன்னல் ஓரத்தைக் கொடு. பேச்சு வந்தால் பேசு, வராவிட்டால் சும்மா இரு. எத்தனையோ நாள் நான் ஒன்றும் பேசாமலேயே சேலத்தில் இறங்கியிருக்கிறேன்.

உன்னையும் விட மாட்டேன், எஸ்தர். விடியற்காலையில் ரோஜாப்பூ போட்டு வசனம் அனுப்புகிறாயே, அதை எத்தனை பேருக்கு அனுப்புகிறாய்? அதில் ஒருத்தருக்காவது போன் போட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேளேன்.

இப்போது ஒரு வேலை. உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். லில்லி அக்கா டீச்சராக இருந்தபோது போர்டில் எழுத உன்னைத்தானே கூப்பிடுவார்? எனக்குக் கொஞ்சம் அட்டை எழுதி அனுப்பு. ஏசாயா 41:10, சங்கீதம் 34:18, மத்தேயு 11:28 போதும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுது. அடியில் சபைப் பெயரோ போன் நம்பரோ வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு, தபாலில் அனுப்பினால் மழையில் நனைந்துவிடும்.

அண்ணனுக்கு என் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
மேரி