செயலாளரின் ஆண்டறிக்கை: பெரிய தொட்டிகளின் ஆண்டு

தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மழையையும் பார்க்காமல் வந்திருக்கும் நம் மீன் வளர்ப்புச் சங்கத்தின் அங்கத்தினர்களே, வணக்கம்.

சடங்கான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தைப்பூச மாதம் தவிர மற்ற மாதங்களில் கூட்டம் தவறாமல் நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரத்தை இன்றிலிருந்து 60 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். ஆகவே பொறுப்பாளர்கள் சாப்பிடப் போகும் முன் என்னிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் மீன் வளர்ப்பு என்றால் ஒரு காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஹார்லிக்ஸ் போத்தல், அதற்குள் ஒரு சண்டை மீன். அப்புறம் இரண்டடித் தொட்டியும் கப்பி என்ற சின்ன மீனும் வந்தன. இப்போது தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதிக்கிறார்கள். ஹாலின் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி வேண்டும் என்கிறார்கள். இந்த ஆண்டு கூட்டங்களில் பேசியது பெரும்பாலும் ஆறடிக்கு மேற்பட்ட தொட்டிகளைப் பற்றித்தான். அறிக்கையும் அப்படியே அமைந்துவிட்டது. கப்பி வளர்ப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் என்ற அளவைத்தான் பலரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் 60 கன அடி, ஏறக்குறைய 1,700 லிட்டர். தண்ணீர் மட்டுமே 1.7 டன். கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். மாடியிலோ பழைய பலகை வீட்டிலோ வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் ஓர் இஞ்சினியரைக் கூட்டிவந்து தளத்தைக் காட்டுங்கள். இதை நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கண்ணாடி எவ்வளவு தடிப்பு என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒரு சதுர அங்குலத்தில் விழும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் மட்டுமே. மேலே சொன்ன தொட்டி நிறைந்திருந்தால் முன்கண்ணாடி தாங்கும் விசை சுமார் 700 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை அரை அடி கூட்டி மூன்றடி ஆக்கினால் அது 1,000 கிலோவைத் தாண்டிவிடும். தண்ணீர் கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், விசையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. என்னைக் கேட்டால், உயரத்தில் போடும் பணத்தை அகலத்தில் போடுங்கள் என்பேன். பெரிய மீனுக்கு உடம்பைத் திருப்ப இடம் வேண்டும். உயரம் விருந்தாளியின் கண்ணுக்குத்தான்.

கண்ணாடி விலையைக் கேட்டு மலைத்த அங்கத்தினர் ஒருவர் பலகைத் தொட்டி கட்டினார். மூன்று பக்கமும் அடியும் தடித்த பிளைவுட், உள்ளே ஃபைபர் துணி ஒட்டி எப்போக்சி பூச்சு, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறத்தில் வைத்து சிலிக்கோன் போட வேண்டும். அப்போதுதான் தண்ணீரே அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணம் தடுக்கும் சிலிக்கோன் மீனுக்கு ஆகாது என்பதையும் அன்றைக்கே எல்லோருக்கும் சொன்னோம்.

தண்ணீர் ஓட்டம் பற்றிய பட்டறையைச் செம்பனை ஆலையில் பம்பு பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த அங்கத்தினர் நடத்தினார். ஐயா பேசியதில் பாதி ஆலைக் கதை, மீதி தங்கம். நன்னீர்த் தொட்டியில் மணிக்கு ஐந்து முறை தண்ணீர் வடிகட்டி வழியாகச் சுற்ற வேண்டும் என்று வைத்தால் 8,500 லிட்டர் ஓட வேண்டும். பெட்டியில் 8,500 என்று போட்ட பம்பை வாங்கினால் அந்த அளவு கிடைக்காது. அந்த எண் தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. சம்ப், அதாவது வடிகட்டியும் பம்பும் வைக்கும் கீழ்த்தொட்டியிலிருந்து ஐந்தடி ஏற ஏற ஓட்டம் குறையும், எல்போ என்கிற பைப் வளைவு ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். ஒரு அங்குலப் பைப்பை ஒன்றரை அங்குலமாக்கினால் உள்பரப்பு இரண்டேகால் மடங்கு. பெரிய பம்பு வாங்குவதைவிட இது மலிவு. நூறு வாட் பம்பு இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட் என்று ஐயா சொன்னதும் அண்ணிமார் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது.

சம்ப் சுழற்சி மட்டும் போதாது. எட்டடி நீளத்தில் தண்ணீர் அசையாத மூலை ஒன்று எப்படியும் இருக்கும், கழிவெல்லாம் அங்கே படியும். ஒரு முனையில் மேற்பரப்பை ஒட்டித் தள்ளினால், தண்ணீர் மறுமுனையில் இறங்கி அடித்தரையோடு திரும்பி வரும். மணலையும் கல்லையும் அடுக்கும்போது அந்தத் திரும்பும் வழியை அடைக்காமல் விட்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவும் பம்பு ஓடும்போது. பருவமழை நேரத்தில் ஓர் இரவு மின்சாரம் போய், ஓர் அங்கத்தினர் வீட்டு ஹால் நனைந்த கதை எல்லோருக்கும் தெரியும். காரணத்தைப் பதிவு செய்கிறேன். தண்ணீரை மேலே கொண்டுபோகும் பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே இருந்தது. பம்பு நின்றதும் அதே பைப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கியது. அந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 57 லிட்டர், ஆறு அங்குலம் 340. நாலடிக்கு இரண்டடி, இரண்டடி உயரச் சம்ப்பில் பாதிக்குத் தண்ணீர் இருந்ததால் காலியிடம் 225 லிட்டர்தான். மிச்சம் தரைக்கு வந்தது. ஒருவழி வால்வு போட்டிருந்தார்கள், ஆனால் அதில் நத்தை ஓடு சிக்கியிருந்தது.

வால்வை நம்பக் கூடாது என்பதே செயலவையின் கருத்து. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் சிறு துளை போட்டால், மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்காமல் அவ்வப்போது குத்திவிட வேண்டும். இனி ஆறடிக்கு மேற்பட்ட தொட்டி ஓடத் தொடங்கும் நாளில் செயலவையினர் இருவர் நேரில் வந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டும் தரையில் விழாவிட்டால்தான் மீன் விடலாம். சுவிட்சுக்குப் போகும் வயரைத் தொங்கவிட்டு வளைத்திருக்கிறார்களா என்றும் அப்போதே பார்ப்பார்கள். ஒழுகும் நீர் வயரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சுக்குப் போய்விடக் கூடாது.

மின்தடையில் இன்னொரு ஆபத்து, தண்ணீரில் காற்று குறைவது. நம் ஊர் வெப்பத்தில், 28 பாகைத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்கூடக் கரைந்திருக்காது. கெலா போன்ற ஆற்று மீன்கள்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கட்டும்.

கெலிசா, அதாவது ஆசிய அரோவானா மீன் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். மைக்ரோசிப்பும் சான்றிதழும் இல்லாமல் யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வளர்ந்துவிட்ட அரபைமா என்ற அமேசான் ராட்சத மீனை நம் ஊர்ப் புளூஸ் ஆற்றில் விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு அன்றே பதில் சொல்லியாகிவிட்டது. அந்த ஆற்றில் ஏற்கெனவே இருக்கும் மீன்கள் நம் பொறுப்பு.

அடுத்த ஆண்டில் சிலிக்கோனும் பி.வி.சி. பைப்பும் மொத்தமாக வாங்கிப் பங்கிடலாம் என்று ஒரு யோசனை உண்டு. பொருளாளர் இன்னும் தலையை ஆட்டவில்லை. சங்கத்துக்குச் சொந்தமான கண்ணாடி தூக்கும் ரப்பர் கைப்பிடிகள் நான்கில் இரண்டு யார் வீட்டிலோ இருக்கின்றன. தீபாவளிக்குள் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த தொட்டிக்குக் கண்ணாடி லோரியில் ஏறியாகிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்