கொட்டாஞ்சேனைப் பாஸும் என் கிரீஸ் பேணியும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மச்சானுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கும் பதில் இல்லை, பொங்கலுக்கு அனுப்பியதற்கும் இல்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கம்பஸில் மூன்றாம் வருடம். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது. மொட்டை இன்னும் அதே காற்சட்டையோடுதான் மரைன் டிரைவில் நடக்கிறான். உன் அம்மாவுக்குக் கனடாவில் ஸ்காபரோக் குளிர் ஒத்துவருகிறதா?

அம்மாவைப் பற்றிக் கேட்கும்போதே நெஞ்சு குறுகுறுக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ இடையில் சிரிப்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன்.

அம்மாவைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனேனே, அன்று புதிய களனிப் பாலம் தாண்டி அதிவேகப் பாதையில் ஏறி எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. முழங்கை வரை ஏறிய நடுக்கம். டாஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையார் தலையாட்டினார். “தம்பி, என்ன இது?” என்று அம்மா கேட்டார். “ரோட்டு சரியில்லை அம்மா” என்றேன். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த ரோட்டை! பிறகு வேகத்தை எழுபதுக்கு இறக்கி, இடது ஓரமாக லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். ‘அவன் எவ்வளவு நிதானமாக ஓட்டுகிறான்’ என்று அம்மா உன்னிடம் சொன்னதாக நீ எழுதியிருந்தாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உண்மை என்னவென்றால், அந்த நடுக்கம் அதற்கு நாலைந்து மாதம் முன்பே தொடங்கிவிட்டது. “அந்த 121 கொரோலாவை வித்துத் தொலை” என்று நீ அங்கிருந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறாய். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போதும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆகவே நானும் கொரோலாவும் சேர்ந்தே கிழவர்களாவோம்.

அதைவிடப் பெரிய தொல்லை, நோய் காட்டச் சொன்னால் அது காட்டாது. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் இருமலை நிறுத்திவிடும் பிள்ளையைப் போல. கராஜுக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை. திரும்பி வரும் வழியில் பேய்.

நீ என்ன சொன்னாய்? “வீல் பலன்ஸ் மச்சான், கண்ணை மூடிக்கொண்டு செய்.” செய்தேன். சில்லின் பாரத்தைச் சுற்றிலும் சமமாக்கும் அந்த வேலையை இரண்டு தரம் செய்தேன். பிறகு ஒருவர் அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் கோணம் என்றார், அதையும் செய்தேன். அலைன்மென்ட் பிசகினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஸ்டியரிங் இப்படி நடுங்காது என்பது காசு கட்டிய பிறகுதான் தெரிந்தது. டயரின் பக்கத்தில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 2317. 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தது, முன் இரண்டையும் மாற்றினேன். அது வீண் செலவில்லை என்று இன்றும் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பிறகு வலது டை ராட் எண்ட், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் கம்பியின் நுனி. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கார் வழுக்கிக்கொண்டு ஓடும், நான் வீட்டில் பெருமை அடிப்பேன், மூன்றாம் நாள் பிள்ளையார் தலையாட்டுவார்.

கடைசியில் மொட்டையின் மச்சினன் சொல்லிக் கொட்டாஞ்சேனையில் ஒரு கிழட்டு மெக்கானிக் பாஸிடம் போனேன். அரைத் தமிழ், அரைச் சிங்களம், வாய் நிறைய வெற்றிலை. காரைத் தொடவே இல்லை. மூன்றே கேள்விதான். நடுங்கும்போது கால் பிரேக்கில் இருக்கிறதா? எந்த வேகத்தில்? அதற்கு முன் எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட ரோட்டில் ஓடியது? முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு முழித்தேன். “போய் எழுதிக்கொண்டு வாங்க” என்றார். இத்தனை வயதில் எனக்கு வீட்டுவேலை!

மகளின் பழைய கொப்பி ஒன்றில் மூன்று கிழமை எழுதினேன். வேலை நாளில், பின்னேரம், பேஸ்லைன் ரோட்டு நெரிசலில் முக்கால் மணித்தியாலம் பிரேக் மிதித்து மிதித்துப் போய் அதிவேகப் பாதையில் ஏறினால், நடுக்கம். போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, விடிய, வெறும் ரோட்டில் போய் அதே எண்பது, தொண்ணூறு, ஒன்றுமில்லை. பலன்ஸ் பிழை போயா பார்த்து வராது, மச்சான். அந்த வேகத்தைத் தொட்டால் எந்த நாளும் வரும். அம்மாவை ஏற்றிப்போனதும் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான்.

கொப்பியைப் பார்த்த பாஸ், “நெரிசலில் ஓடி, ஆறவிடாமல் நேரே இங்கே வாங்க” என்றார். போனேன். ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். முன் இடது, இளஞ்சூடு. முன் வலது, தோசைக்கல். ஜாக் வைத்துத் தூக்கினால் இடது சில்லு கையால் சுழல்கிறது, வலது அசைய மறுக்கிறது. பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைக் கழற்றினார்கள். அது முன்னும் பின்னும் வழுக்கிப் போவதற்கென்று இரண்டு பின்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று சிக்கிக் கிடந்தது. தட்டி, முறுக்கி, ஒருபாடாக வெளியே எடுத்தால் அதன் நுனியில் இருந்த ரப்பர் ஊறவைத்த கடலை மாதிரி உப்பியிருந்தது. பாஸ் அதை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த கிரீஸ் போட்டது யாரு?”

2022 ஜூலை ஞாபகமிருக்கிறதா? கியூஆர் கோட் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல். கார் வாசலில் நின்றது, நான் வீட்டில் நின்றேன். வேலையில்லாத வீரன் வீடியோ பார்த்துத் தானே பிரேக் பேட் மாற்றி, கறுத்த கையோடு உனக்குப் படம் அனுப்பினான். நீயும் கட்டைவிரலை உயர்த்தினாய். அன்று படிக்கட்டுக்குக் கீழே கிடந்த பேணியிலிருந்து அந்தப் பின்களில் அப்பியது பெயரிங் கிரீஸ். சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் மெல்ல மெல்ல உப்பும். பிரேக்குக்கென்று சிலிக்கோன் வகைக் கிரீஸ் தனியாக இருக்கிறது. உப்பிய ரப்பர் பின்னைப் பிடித்துக்கொண்டது, காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடவில்லை, நெரிசலில் டிஸ்க் கொதித்தது, கொதித்த டிஸ்க்கில் பேட் ஒரு இடத்தில் பிடித்தும் ஒரு இடத்தில் விட்டும் உரச, ஸ்டியரிங் ஆடியது. ஆறினால் எல்லாம் சுகம். பாஸிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முன்னே ஒரு கராஜில் போட்டிருப்பார்கள்.” அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

சரி, கதை முடிந்ததென்று நினைத்தேன். நடுக்கம் போனது, கூடவே இருந்த சத்தம் போகவில்லை. இரண்டும் ஒரே நோய் என்று நான் மட்டுமல்ல, காரைப் பார்த்த எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கிடங்கு விழுந்த ஒழுங்கைகளில் ‘கட கட’ என்று ஒன்று, பின்னால் எடுத்துப் பிரேக் போட்டால் ‘டொக்’ என்று ஒற்றையாக இன்னொன்று. கார் சரியாமல் பிடிக்கும் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் பாஸ் கழற்றி வைத்துவிட்டு, அதே ஒழுங்கையில் மெதுவாக ஓட்டச் சொன்னார். ‘கட கட’ இல்லை. புது லிங்க் வாங்கவேண்டும் என்பது ஒரு சதம் செலவில்லாமல் தெரிந்துபோனது. ‘டொக்’ மட்டும் இருந்தது. அது, சில்லைக் கீழே தாங்கும் வலது லோவர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ். கம்பி விட்டு நெம்பியதும் கிழிந்த ரப்பர் வாயைப் பிளந்தது.

அப்போதுதான் பையன் ஒருவன் டோர்ச் அடித்து இன்னொன்றைக் காட்டினான். அதே ஆர்மின் நுனியில், ஆர்மைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு, போல் ஜொயின்ட், மூடி கிழிந்து, உள்ளே மண்ணும் துருவும். நெம்பினால் கண்ணுக்குத் தெரிய ஆடுகிறது. அதற்குத் தனியாகச் சத்தம்கூட இல்லை, மச்சான். அது கழன்றால் சில்லு மடிந்துவிடும், பிறகு ஸ்டியரிங்கும் இல்லை ஒன்றும் இல்லை. அதில்தான் அம்மாவை ஏற்றிப்போனேன். அதில்தான் சின்னவள் ஓட்டிப் பழகினாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே தீர்மானி. நான் சொன்ன பொய்யை மட்டும் கட்டாயம் சொல்லிவிடு.

சாமானுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள். ரீகண்டிஷன் ஆர்ம் பாதி விலைக்கு இருந்தது, பாஸ் வேண்டாம் என்றார். ஜப்பானில் கிழடாகி வந்த ரப்பரை இங்கே கொண்டுவந்து மாட்டுவானேன்? புது ஆர்ம், புது போல் ஜொயின்ட், லிங்க் இரண்டு, பின்கள். கூலியோடு 60,000 ரூபாய் தாண்டியது. புஷ் நட்டுகளை, காரைக் கீழே இறக்கிப் பாரம் சில்லில் நின்ற பிறகுதான் இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து கெதியில் கிழியுமாம். இதற்குமுன் எவரும் அப்படி இறுக்கி நான் பார்த்ததில்லை.

செவ்வாய் பின்னேரம், நெரிசலில் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு, அதிவேகப் பாதையில் தொண்ணூற்றைந்து. ஒற்றை விரலில் ஸ்டியரிங். பிள்ளையார் தியானத்தில் இருந்தார்.

ஆனால் நேற்றிலிருந்து, நிறுத்திவைத்துத் திருப்பினால் இடது பக்கம் ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் முறுகி விடுவது மாதிரி ஒரு சத்தம். மேலே ஸ்ட்ரட் மவுண்ட் பெயரிங் என்று நினைக்கிறேன். பதிவு செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். இயர்போன் மாட்டி வடிவாகக் கேட்டுவிட்டுச் சொல். பலன்ஸ் என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
கண்ணாடி