பூக்காரம்மாவின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மாமியாருக்கு 78 வயது. கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் ராத்திரி சீரியல் நேரத்தில் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். பேசுவது யார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்.

நாங்கள் பார்க்கும் தொடரில் அவருக்குப் பிடித்தது கதாநாயகி இல்லை. வாசலில் கூடையை இறக்கி, "ஆச்சி, ரெண்டு மொழம் தரவா?" என்று இழுத்துக் கேட்கும் பூக்காரம்மா. நம் கும்பகோணம் பக்கத்துப் பேச்சு அப்படியே இருக்கும். மூத்த மகன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆளும் அவர்தான்.

குறுவை நடவு சமயத்தில், மகள் பிரசவத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஆளையே காணோம். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டும் நேரத்தில், போன வாரம் திடீரென்று வந்து நிற்கிறார். வேறு நடிகை, வேறு குரல், வேறு ஊர்ப் பேச்சு. "பேரப்பிள்ளை சௌக்கியமா?" என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பத்திர விஷயம் அவருக்கே நினைவில்லை. "யாரும்மா அது, புதுசா?" என்றார் மாமியார். பூக்காரம்மாதான் அத்தை என்றேன். "அவ இல்லம்மா" என்று எழுந்து படுக்கப் போய்விட்டார்.

ஆளை மாற்றுவதைக் குறை சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் மாரிமுத்து காலமானதும், 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். ஊருக்கே தெரிந்தது. பூக்காரம்மா மாறினால் எந்தப் பத்திரிகையில் செய்தி வரும்? தொடர்தான் சொல்ல வேண்டும். வழக்கமாகப் போடும் 'இவருக்குப் பதில் இவர்' கூட இந்த முறை இல்லை. போட்டிருந்தாலும் என் மாமியாரால் படிக்க முடியாது. அதை வாய்விட்டும் சொன்னால் என்ன?

சீரியல்களில் நிறையப் பேருக்கு டப்பிங் கலைஞர்கள்தான் குரல் கொடுக்கிறார்கள். அப்படி இருக்கும் இடத்தில் முகம் மாறினாலும் பழைய குரலையே வைத்துக்கொள்ளலாமே. அது முடியாது என்றால், அந்த ஊர்ப் பேச்சையாவது விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், அந்த மகளுக்கு என்ன குழந்தை பிறந்தது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். மாமியார் இன்று காலையும் கேட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவிடைமருதூர்