கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நள்ளிரவுக்கு மேல் எங்கே என்ன சாப்பிடலாம் என்று சென்ற இதழில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே பசித்தது. நான் அதைப் படித்தது இரவு ஒன்றரை மணிக்கு, வேலை முடிந்து அறைக்கு வந்த பிறகு. எனக்கு 23 வயது. கேட்டரிங் டிப்ளமா முடித்துவிட்டு, ஒரு ரெஸ்டாரண்டில் சைனீஸ் செக்‌ஷனில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டுரையில் ருசி, விலை, கார் நிறுத்த இடம் உண்டா என்பது வரைக்கும் இருந்தது. அந்த நேரத்தில் அடுப்பில் நிற்கிறவன் எப்போது தூங்குவான் என்பது விட்டுப்போயிருந்தது. சரி, அதை நாமே எழுதி அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுக்கு பிரேக் ஷிஃப்ட். காலை 10 மணிக்கு உள்ளே போனால் மதியம் 3.30. மறுபடி மாலை 6 மணி. இரவு 11.30க்கு முடியும் என்று நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. "நடுவில் இரண்டரை மணி நேரம் ரெஸ்ட்தானே" என்று ஊரில் மாமா கேட்டார். அறைக்குப் போய்வர அரை மணி நேரம், எட்டுப் பேருக்கு ஒரே பாத்ரூம் என்பதால் குளிக்க ஒரு வரிசை, யூனிஃபார்மை அலசிக் காயப்போட ஒரு வரிசை. மிச்சம் முக்கால் மணி நேரம் தூங்கலாம். அதுவும் மொட்டை மாடிக்கு நேர்க் கீழே இருக்கும் அறையில், மே மாதத்தில்.

சைனீஸ் அடுப்பின் பர்னர் எழுப்பும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. அதனால்தான் ஹோட்டல் கிச்சனில் எல்லோரும் கத்துகிறோம், கோபத்தால் அல்ல (சில நேரம் கோபத்தாலும்தான்). சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மேல் கே.ஓ.டி. மெஷின், அதாவது டேபிளில் சொன்ன ஆர்டரை கிச்சனுக்கு அச்சடித்துத் தரும் மெஷின், நிற்காமல் சீட்டைத் துப்பும். அதோடு ஆன்லைன் ஆர்டர் வரும் டேப்லெட் வேறு பீப் பீப் என்று கூப்பிடும். பத்து நிமிட டெலிவரி வந்தபோது வண்டி ஓட்டுகிற தம்பிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் முதல் சில நிமிடங்கள் எங்கள் கடாயில்தான் ஓடுகின்றன.

சூடு படாத நாள் கிடையாது. சேர்ந்த புதிதில், ஈர டஸ்டரால் கடாயின் பிடியைப் பிடித்துவிட்டேன். துணி ஈரமாக இருந்தால் சூடு நொடியில் கைக்கு ஏறிவிடும் என்பது கேட்டரிங் புத்தகத்தில் இருக்கிறது, நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கை மட்டும் அதைப் படிக்கவில்லை. ஒருவன் டூத் பேஸ்ட் தடவ வந்தான், இன்னொருவன் தோசை மாவைக் கொண்டுவந்தான். டார்ஜிலிங்கிலிருந்து வந்த எங்கள் சீனியர், நாங்கள் 'பாய்' என்று கூப்பிடுபவர், இருவரையும் விரட்டிவிட்டு என் கையை இருபது நிமிடம் தண்ணீரில் பிடித்துவைத்தார். அதிலும் ஒரு சிக்கல். மதிய நேரத்தில் எங்கள் குழாயைத் திறந்தால் மாடி டேங்கில் கொதித்த தண்ணீர்தான் வரும். அன்றிலிருந்து கேன் தண்ணீரில் ஒரு வாளி எப்போதும் சிங்க் அடியில் இருக்கிறது. காலையில் முதலில் வருபவன் அதை மாற்ற வேண்டும். நிர்வாகம் போட்ட விதியில்லை, நாங்களே வைத்துக்கொண்டது.

இப்படி நாங்களாகச் செய்துகொண்டவை இன்னும் உண்டு. மோரில் உப்பை அள்ளிப் போட்டு ஒரு டப்பா, தொடை உரசலுக்கு பவுடர், ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ். மிளகாய் தாளித்த நெடியில் இருமல் வந்தால் பின்வாசலில் ஐந்து நிமிடம் நிற்கலாம், அதுவரை பக்கத்தில் இருப்பவன் இரண்டு கடாயையும் பார்த்துக்கொள்வான். எண்ணெயை அதிக சூட்டில் வைத்துப் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. இது தெரிந்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபில்டரை வாரம் தவறாமல் கழற்றிக் கழுவுகிறேன். நான் சோம்பேறி என்பது எங்கள் செஃபுக்குத் தெரியும், அவருக்கே ஆச்சரியம்.

உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-ல் சட்டம் வந்தது, இங்கே 2021-ல் வந்தது. துணிக்கடை அக்காக்களை வைத்துத்தான் எல்லோரும் அதைப் பேசினார்கள். கிச்சனை வைத்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆர்டர் ஓடும்போது உட்கார்ந்து சமைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இஞ்சி பூண்டு உரிக்கவும், மாலை ஆறேகாலுக்கு ஒரு சீட்டும் வராமல் சும்மா நிற்கவும் நிற்கத்தான் வேண்டுமா? 15 கிலோ எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். மேனேஜர் கதவைத் தள்ளும் சத்தம் கேட்டால் டின் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதித்தது, பிறகு நீட்டித்தது. அந்த அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தன: ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, சுழற்சி முறையில் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அனுமதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களுக்கும் வார ஆஃப் இருக்கிறது, ஆனால் ஒருவன் காய்ச்சல் என்று படுத்தால் மற்றவன் ஆஃப் போய்விடும். போன ஆஃப் நோட்டில் ஏறும். என் பெயருக்கு எதிரே இப்போது 11 நாள் நிற்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறது. அம்மா அதிரசத்தை எடுத்துவைத்திருப்பார். நான் போய்ச் சேரும்போது அது கல்லாகியிருக்கும். டீயில் நனைத்துத் தின்பேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

ராத்திரிக் கடைகளை மூடச் சொல்லவில்லை. நானே வேலை முடிந்து தள்ளுவண்டி அக்காவிடம் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். நாள் முழுக்க ஃபிரைட் ரைஸ் கிளறியவனுக்கு அதன் வாசனையே ஆகாது. கேட்பது இரண்டே விஷயம். அடுத்தமுறை கடைகளைப் பற்றி எழுதும்போது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வார ஆஃப் உண்டா என்றும் ஒரு வரி கேட்டுப் போடுங்கள். பார்க்கிங் பற்றி ஒரு வரி போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்தில். அப்புறம், கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்பதையும் போடுங்கள். 11.25க்கு எட்டுப் பேர் உள்ளே வந்தால் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்குத் தெரியாது. அதற்குள் அடுப்பை அணைத்துக் கழுவியிருப்போம். மறுபடி பற்றவைத்து, மறுபடி கழுவி, அன்றைக்கு இட்லி அக்கா கிளம்பிப் போயிருப்பார்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. மூன்றாம் பக்கத்துப் படத்தில் மாவை வீசிக்கொண்டிருப்பவரை 'உணவக ஊழியர்' என்று போட்டிருந்தீர்கள். அவர் பரோட்டா மாஸ்டர்.

பெயரையும் நான் வேலை செய்யும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், சென்னை