பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் யாருக்குப் போதும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் மோட்டார் பக்கத்தில், குடும்பத்துக்கு ஏற்ற கார் எது என்று அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே வண்டியின் குணம் பிடிபட்டுவிடும் என்று அதன் நடுவில் ஒரு வரி. எழுதியவருக்குப் பிடிபட்டிருக்கலாம்; அவர் ஞானி. ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்த எங்களுக்கு அந்த ஞானம் வாய்க்கவில்லை. பித்தளைச் சருவத்தைக்கூடத் தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. பதினைந்து லட்ச ரூபாய்க்கு மட்டும் பத்து நிமிடமா?

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. இன்ஜின் ஏற்கெனவே சூடேறியிருக்கும், ஏசி முன்கூட்டியே ஓடியிருக்கும், போகும் சாலையைச் சேல்ஸ் பையன்தான் முடிவு செய்வான். உள்ளே இரண்டு பேர், மொத்தம் 130 கிலோ. டெலிவரி எடுத்த பிறகு அதே ஏழு சீட் வண்டியில் கல்யாணத்துக்கு ஏறுகிறவர்கள் ஏழு பேர். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் 455. சீர்வரிசை தனி. இந்த 325 கிலோ வித்தியாசத்தில் ஓட்டமே மாறிவிடும். பின்பக்கம் அமுங்கும், ஸ்பீடு பிரேக்கரில் அடிப்பக்கம் தட்டும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும். மூக்கு தூக்குவதால் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்தத்தான் பல வண்டிகளில் ஸ்டீரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தவர் யாராவது உண்டா? சன்ரூஃபை மட்டும் திறந்து திறந்து மூடுவார்கள்.

குடும்ப வண்டிக்கு அரைநாளாவது வேண்டும். வீட்டு வாசலிலிருந்தே தொடங்க வேண்டும்: கேட்டின் சரிவில் அடி தட்டுகிறதா, தெருமுனையில் ஒரே வெட்டில் திரும்புகிறதா, முழங்கால் வலிக்காரர் கைப்பிடியில் தொங்காமல் ஏறி இறங்குகிறாரா. பிறகு ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு கேப்பர் மலை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுக்க வேண்டும். ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டி பின்னால் உருள்கிறதா, கிளட்ச் வாடை வருகிறதா, டர்போ இன்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றுக்குக் கீழே மூச்சுத் திணறுகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அடுத்து ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி மரப்பாலம் சிக்னல். உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த வண்டியை அந்த நெரிசலுக்குள் கொண்டுபோங்கள். ஐடிலிங்கில் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி குறையும். கடைசி வரிசையில் இருப்பவர் அப்போது சொல்வதுதான் ஏசியின் உண்மையான மதிப்பெண். அந்த வரிசையில் பெரியவர் ஒருவரை இருபது நிமிடம் உட்கார வையுங்கள். தரை உயரமாக இருப்பதால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும். நடுவரிசையில் குழந்தை சீட் மாட்டியிருந்தால் பல வண்டிகளில் அந்தப் பக்கம் சீட்டை மடக்கவே முடியாது, பின்வரிசைக்கு வழி அடைபடும். இதை ஷோரூமில் யாரும் மாட்டிப் பார்ப்பதில்லை. திரும்பும்போது இருட்டியிருந்தால் நல்லது, லோ பீமில் ஓட்டிப் பார்க்கலாம்.

கிளம்பும் முன் டயர் காற்று. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். முழு பாரத்துக்கு வேறு அளவு என்றால் அதுவும் இருக்கும். டயர் சூடேறும் முன் சரிபார்க்க வேண்டும். காற்று குறைந்திருந்தால் பள்ளம் மெத்தென்று இருக்கும். வாங்குகிறவர் சஸ்பென்ஷனைப் புகழ்வார். அடுத்தது வேரியன்ட். டெமோவுக்கு நிற்பது பெரும்பாலும் டாப் மாடல், 17 அங்குல அலாய், டர்போ இன்ஜின். புக்கிங் போடுவது நடு மாடல், 16 அங்குலம், சாதா பெட்ரோல். ஓட்டிப் பார்த்தது ஒன்று, வீட்டுக்கு வருவது ஒன்று.

மைலேஜ் விஷயத்தில் தங்கள் பத்திரிகை மேல் எனக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த, ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் எண்ணை, சாலையில் கிடைப்பது போலவே அச்சிடுகிறீர்கள். டேங்க் நிரப்பி ஓட்டி மீண்டும் நிரப்பிக் கணக்கிடலாம் என்றும் ஒருமுறை எழுதினீர்கள். எத்தனை கிலோமீட்டர் என்று எழுதவில்லை. கடலூரிலிருந்து மரப்பாலம் போய்வந்தால் 45 கி.மீ., சுமார் 3 லிட்டர். டேங்க் நிரம்பியதும் பம்ப் தானாகக் கட்டாவதில் அரை லிட்டர் முன்பின் ஆனாலே கணக்கில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். குறைந்தது 200 கி.மீ. ஓட்டினால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு.

அரைநாள் வண்டி கேட்டால் ஷோரூமில் வரும் பதில்களும் தெரிந்தவைதான். இன்சூரன்ஸ் இல்லை, பார்டர் தாண்டக்கூடாது. புதுச்சேரி பி.ஒய். 01 ஆனாலும் கடலூர் டி.என். 31 ஆனாலும், முறையாகப் பதிவான வண்டி நாடு முழுக்கப் போகலாம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆவது பிரிவு சொல்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் இறக்குவதே குற்றம். அப்படியானால் பத்து நிமிடம் மட்டும் எப்படி ஓட்டினார்கள்? கேட்டு வாங்க வேண்டியவை: பாலிசியின் கடைசித் தேதி, கிலோமீட்டர் வரம்பு, பெட்ரோல் யார் செலவு, கீறல் விழுந்தால் யார் தருவது. நாலும் எழுத்தில் வேண்டும். கிளெய்மில் நம் கையிலிருந்து போக வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் வரும். பம்பர் போனால் அதுதான் கடிக்கும். சாவி வாங்கும் முன் ஓட்டுகிறவர் வண்டியின் நாலு பக்கமும் ஓடோமீட்டரும் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

ஒத்துக்கொள்ளாத ஷோரூமோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே மாடலை இரண்டு நாள் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக்கென்று பதிவான வண்டி என்பதற்கு அடையாளமாக நம்பர் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2024 நவம்பர் 30இல் ஃபெங்கல் புயல் புதுச்சேரியை முக்கியெடுத்த பிறகு, தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தங்கள் மோட்டார் பக்கத்தில் ஒரு வரி வந்ததா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை பார்ப்பது, ஸ்டெப்னி குழியைத் தடவுவது, சீட் ரெயிலில் துரு தேடுவது என்று பத்து வரி போதுமே. எக்ஸ்சேஞ்ச் மேளா விளம்பரத்துக்கு மட்டும் முதல் பக்கம் முழுதாகக் கிடைத்தது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை ஓடாது, புரிகிறது. கட்டுரையும் அதே கையெழுத்தில் இருப்பதுதான் புரியவில்லை.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இனி கார் விமர்சனம் வந்தால் அதன் அடியில் மூன்று விவரம் போடுங்கள்: ஓட்டியது எந்த வேரியன்ட், உள்ளே எத்தனை பேர், டயரில் எவ்வளவு காற்று. சென்ற முறை என் கடிதத்தைக் கத்தரித்தது போல் இதையும் கத்தரிப்பதானால், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஒர்க்‌ஷாப்காரன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.